வலைமேல் பூக்கும் நூல்

நெல்லைச் சீமையின் இடையன்குடியைக் கால்டுவெல்லின் ஊராகவே அறிவோம். அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்த அவர் மனைவி எலைசாவையும் நினைக்க வேண்டும். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட், 1819இல் நாகர்கோவில் வந்து, பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பழக்கியவர்.

மார்த்தா பழக்கிய லேஸ், திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களைப் பின்னும் வகை.

இன்னொரு வகையான ஊசி லேஸுக்கு ஊசியும் நூலும் போதும். தையல்காரர் சட்டைக்கு எடுக்கும் காஜாவே அதன் அடிப்படைத் தையல். துணியே இல்லாமல், முந்தைய கண்ணியில் அடுத்ததைக் கோத்துப் போக வேண்டும். எவ்வளவு பொறுமை!

பெரிய படைப்புக்கு வலைத்துணி கைகொடுக்கிறது. ஜான் ஹீத்கோட்டின் இயந்திரம் அறுகோணக் கண்ணுள்ள வலையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெய்தது. 1840இல் விக்டோரியா அரசி அணிந்த திருமண முக்காட்டிலும் கையால் பின்னிய ஹோனிட்டன் லேஸ் பூக்களை இயந்திர வலையில்தான் பொருத்தினார்கள்.

வலையிலேயே ஊசியால் பூவேலை செய்யும்போது, வரைபடத்தின்மேல் வலையை விரித்து இழையோட்டுவார்கள். தடித்த நூலால் உருவத்தின் ஓரம் கட்டி, உள்ளே தையல்களால் நிரப்புவார்கள். நூலை இறுக்கி இழுத்தால் வலை சுருங்கிவிடும். அளவு பெரிதாகப் பெரிதாக அந்தச் சுருக்கம் பளிச்சென்று தெரியும். அதனால் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் வலையைத் தட்டையாக விரித்துப் பார்த்தே அடுத்ததைத் தொடங்குவது நல்லது.