ஒரே வன்தட்டில் இரண்டு குடித்தனம்

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸ் இயங்குகிறது. அதை அழிக்காமல் லினக்ஸையும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால், புதிதாகக் குடிவருபவருக்கு முதலில் ஓர் அறை ஒதுக்க வேண்டும் அல்லவா?

விண்டோஸும் லினக்ஸும் கோப்புகளுக்குக் கணக்கு வைக்கும் முறைகள் வேறு வேறு. ஆகவே வன்தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு தேவை.

சுவர் எங்கே?

வன்தட்டைத் திறந்து பார்த்தால் பிரிவுகளுக்கு நடுவே எந்தச் சுவரும் தெரியாது. இருப்பது ஒரு பட்டியல் மட்டுமே! 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டாஸ் 2.0 உடன் வந்த முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் 64 பைட்டுகள் இப்பட்டியலுக்கு உரியவை. ஒரு பிரிவுக்கு 16 பைட்டுகள். ஆகவே நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய கணிப்பொறிகளில் உள்ள ஜி.பி.டி. முறையில் பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. பட்டியலின் நகல் ஒன்று வன்தட்டின் கடைசியிலும் இருக்கும்.

ஆபத்து எதில்?

விண்டோஸ் பிரிவைச் சுருக்கும்போது, அதன் கடைப்பகுதியில் உள்ள கோப்புகள் முன்னே நகர்த்தப்படுகின்றன. பிறகே பட்டியலில் எண் மாறுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். எண் தவறினால், ஒருவர் அறையில் மற்றவர் எழுதிவிடுவார்!

எனவே இந்த வரிசையை மறவாதீர்கள்:

1. முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2. வன்தட்டு பூட்டுக்குறி இட்டுக் காக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. விண்டோஸின் 'விரைவுத் தொடக்க' வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால், கணிப்பொறியை அணைத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே இருக்கும்.

4. மடிக்கணினியானால் மின் இணைப்பிலேயே இருக்கட்டும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலமே பிரிவைச் சுருக்குங்கள். கிடைக்கும் இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

5. லினக்ஸை நிறுவும்போது, 'வன்தட்டு முழுவதையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

இன்றே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையைத் திறந்து, உங்கள் வன்தட்டில் எத்தனை பிரிவுகள் என்று எண்ணிப் பாருங்கள். பார்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. மாற்றும்போது மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். அந்தக் கணிப்பொறியில் அவர்களுடைய கோப்புகளும் இருக்கின்றன அல்லவா?