சிதறலும் விரயமும்

ஆங்கிலத்தில் 'டிசிப்பேஷன்' என்றொரு பெயர்ச்சொல் உண்டு. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணவர் பலர் இதற்கு எவ்விடத்தும் 'விரயம்' என்றே எழுதிவிடுகின்றனர். அஃது எல்லா இடத்திற்கும் பொருந்தாது.

இச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'டிஸ்' என்பது பிரிவைக் குறிக்கும் முன்னொட்டு. எஞ்சிய பகுதி எறிதலைக் குறிக்கும். ஆகவே, பல திசைகளில் எறிந்து சிதறச் செய்தலே முதற்பொருள். ஏனைய பொருள்கள் அதனின்று கிளைத்தவை.

மூடுபனியைப் பற்றி வருங்கால் 'கலைதல்' என்க. பணத்தைப் பற்றியாயின் 'விரயம்', 'வீண்செலவு', 'ஊதாரித்தனம்' ஆகியவை ஏற்கும். ஒருவனது நடத்தையைப் பற்றி வந்தால், குடியிலும் கூத்திலும் உடலும் பொருளும் கெடுவதைச் சுட்டும். அங்கே 'களியாட்ட வாழ்வு' எனலாம். 'வீண்செலவு' என்றால் பொருள் குறைபடும்.

இயற்பியலில் 'ஆற்றல் சிதறல்' என்பதே தக்கது. பிரேக் பிடிக்கும்போது மிதிவண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிப் பரவுகிறது. அது அழிவதில்லை, மீண்டும் பயன்கொள்ள இயலாதவாறு சிதறிவிடுகிறது. அதனை 'ஆற்றல் அழிவு' என்று எழுதினால் அறிவியலே பிழைபடும்.

சிதறலை வீணாதலாகக் கண்டது இலத்தீன் மட்டுமன்று. வீணாக்குதலைக் குறிக்கும் 'மெம்பாஸிர்' என்ற மலாய்ச் சொல், விதை தூவுதலைக் குறிக்கும் அரபு வேரினின்று பிறந்தது. நாமும் 'பணத்தை வாரி இறைத்தான்' என்கிறோமல்லவா?

ஆகவே, இச்சொல் வருமிடத்தில் 'சிதறுவது யாது?' என்று ஆசிரியர் முதலில் வினவுவாராக. அதற்கு விடை கண்ட மாணவனுக்குத் தக்க தமிழ்ச்சொல் தானே வந்து வாய்க்கும்.