ஏன் வாத்தியார் வேலை?

ஆசிரியப் பணிக்கு வருவோரின் நோக்கங்களை ஆய்வாளர்கள் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்: கற்பிப்பதில் உள்ள விருப்பம், சம்பளம், விடுமுறை போன்ற சௌகரியம், பிறருக்கு உதவும் எண்ணம். புனேயில் 1848-ல் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போன சாவித்திரிபாய் புலே, வழியில் சாணி வீசுவார்கள் என்று மாற்றுப் புடவையும் எடுத்துப் போனாராம். அது மூன்றாம் வகை. நம்ம வீடுகளிலோ, "பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் சரி, மத்தியானமே வீட்டுக்கு வந்துடலாம்" என்ற பேச்சுதான். இதை மட்டம் தட்ட வேண்டாம். சௌகரியத்துக்காக பி.எட். சேர்ந்து, பிறகு பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

சிக்கல், அந்தச் சௌகரியமும் இல்லாமல் போவதில்தான். 2011 முதல் மத்திய அரசின் தகுதித் தேர்வு வந்தது, 2015-ல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. இத்தனையும் முடித்தவருக்குப் பல தனியார் பள்ளிகள் தருவது சொற்பம். அரசு வேலை கிடைத்ததும் அவர் நடு வருஷத்தில் கிளம்பிவிடுகிறார். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆளில்லை.