கடல் விட்ட போட்டை மழை தின்னும்

மாரி பிறந்ததும் பொத்துவில் கரையில் பைபர் போட்டுகளை மேலே இழுத்து ஏற்றிவிடுவார்கள். இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைப்பார்கள். போட் மட்டும் திறந்த வாயோடு மழையில் கிடக்கும். “பைபர்தானே, என்ன ஆகும்?” என்பது கரையில் வழக்கமான பேச்சு.

பைபர் உக்காது என்பது சரிதான். ஆனால் போட் முழுக்கப் பைபர் இல்லையே! இஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போட் கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க, இருக்கைக்கு அடியிலும் அணியத்திலும் போம் அடைத்த பெட்டிகள் இருக்கும். கண்ணாடி நாரும் ரெசினும் இவற்றின் மேல் போர்த்திய சட்டைதான். சட்டை கிழிந்த இடத்தால் ஈரம் உள்ளே போனால், வெயில் அங்கே எட்டாது.

கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் இதில் பொல்லாதது. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அந்தக் காலத்துக் கப்பல் தச்சர்கள் மரச்சட்டங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்தது அதனால்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை தலையெடுக்காது. தேங்கிய மழைநீர் அந்த எல்லையைத் தாண்டவைக்கும். போட்டின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் கொப்புளம் கிளம்புவதும் உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் வேகம்.

எவ்வளவு தண்ணீர் தேங்கும்? 18 அடிப் போட்டின் திறந்த பரப்பை 6 சதுர மீற்றர் என்று வைப்போம். 100 மில்லிமீற்றர் மழை கொட்டினால் உள்ளே விழுவது 600 லீற்றர். அதாவது 600 கிலோ. தென்னங்குற்றியில் குந்தியிருக்கும் அடிப்பாகம் இந்தப் பாரத்தில் வளையும், நுண்ணிய வெடிப்புகள் விழும். அதே தண்ணீர் அந்த வெடிப்புகளால் உள்ளே போகும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை, ஒரு நாணயக் குற்றி போதும். பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்கும். ஈரம் ஏறிய இடத்தில் சத்தம் மழுங்கும். இஞ்சின் பூட்டிய ஆணித்துளையில் மண்ணிறத்தில் நீர் கசிந்தால் உள்ளே பலகை உக்கத் தொடங்கிவிட்டது. நாலு பேர் தள்ளிய போட்டுக்கு ஆறு பேர் வேண்டியிருந்தால் போம் தண்ணீர் குடித்திருக்கிறது. அப்படிப்பட்ட போட் கவிழ்ந்தால், ஆளைத் தாங்க வேண்டிய பெட்டியே கைவிட்டுவிடும்.

போட்டின் கட்டுமானமும் இதில் முக்கியம். 2004 சுனாமி இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை நாசமாக்கியது. அதன் பிறகு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த பைபர் போட்டுகளில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன. எவ்வளவு நல்ல போட்டானாலும், பிறகு நாம் போடும் ஒவ்வோர் ஆணியும் ஈரத்துக்கு ஒரு வாசல். வலை மாட்ட, விளக்குக் கட்ட என்று துளைக்கும்போது கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே ஆணித்துளை போட்டால் தண்ணீர் பலகையைத் தொடாது.

கரையேற்றும் நாளில் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மழைத் தண்ணீர் கெடுதி என்று சொல்லிவிட்டு இதென்ன என்று கேட்கலாம். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே கசியும். உப்புப் படிந்த மூலை மாரி முழுக்கக் காயாது. கழுவுவது நல்லது, தேங்கவிடுவதுதான் கெடுதி. கழுவி, துடைத்து, ஒரு வெயில் காயவிட்ட பிறகே மூட வேண்டும்.

அணியத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், தண்ணீர் பின்பக்கம் ஓடி வடிதுளையால் வெளியேறும். தறப்பாளை நடுவே கம்பு கொடுத்துக் கூரைபோல் கட்டி, இரு முனையிலும் காற்றுக்கு வழி விடுங்கள். இறுக்கிப் பொதிந்தால் உள்ளே வேர்த்து, மழை செய்யும் வேலையைத் தறப்பாளே செய்துவிடும். வெடிப்புகளை மாரியில் ஒட்ட வேண்டாம். ஈர நாரில் ரெசின் பிடிக்காது. மழை விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம்.

வடிதுளையின் மூடியைக் கழற்றி எங்காவது போட்டுவிடாமல் இஞ்சினோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். மாரி முடிந்து போட்டை இறக்கும் காலையில் அது கைக்கு வரவில்லை என்றால், இவ்வளவு நாளும் காத்த போட்டுக்குள் கடலே வந்துவிடும்.