மெல்ல முற்றும் நரம்பு நோய்

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறை சிதைவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பெரும்பாலோருக்கு இது தாக்கித் தணியும். சிலருக்கோ தொடக்கம் முதலே மெல்ல முற்றுகிறது. நடை தளர்வதை மூப்பென்றோ முதுகெலும்புத் தேய்வென்றோ கருதி ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு.

இவ்வகையை ஒரே சோதனையால் உறுதி செய்ய இயலாது. 2017-இல் திருத்தப்பட்ட மக்டொனால்டு நெறிகள், ஓராண்டேனும் இயலாமை தொடர்ந்து வளர்ந்திருத்தலை முதற்கண் கோரின. அத்துடன் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைத் தழும்பு, தண்டுவடத்தில் இரண்டேனும் தழும்புகள், தண்டுவட நீரில் மட்டும் தென்படும் புரதப் பட்டைகள் ஆகியவற்றுள் இரண்டு காணப்படல் வேண்டும் எனவும் அவை விதித்தன. அவ்வோராண்டைக் கடந்தகால வரலாற்றிலிருந்தும் கணக்கிடலாம் என்பதே இதில் முக்கியமானது. பழைய மருத்துவச் சீட்டுகளை எறிந்துவிட்டவர் மீண்டும் ஓராண்டு காத்திருக்க நேரிடலாம். தாக்கித் தணியும் வகை பிற்காலத்தில் முற்றும் வகையாக மாறுவதும் பின்னோக்கிப் பார்த்தே புலனாகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் வழங்கும் குழுவினர், அன்றைய நடையை மட்டுமன்றி நோயின் வரலாற்றையும் கேட்டறிதல் வேண்டும்.