விசாவின்றிக் கடக்கும் எல்லைகள்: நைஜீரியரின் பயண உரிமை குறித்து ஒரு விளக்கம்

நம் துறையில் புலம்பெயர்வு பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம், உலக நாடுகளின் கடப்பிதழ்களைத் தரவரிசைப்படுத்தும் அட்டவணைகளை மாணவர்கள் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. மலேசியக் கடப்பிதழைக் கொண்டு எத்தனை நாடுகளுக்கு விசாவின்றிச் செல்லலாம், சிங்கப்பூர்க் கடப்பிதழ் அதனினும் எத்தனை நாடுகளைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது என்பதோடு அவர்களின் ஆர்வம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அட்டவணையின் கீழ்ப்பாதியை எவரும் படிப்பதில்லை. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட நைஜீரியா அந்தக் கீழ்ப்பாதியில்தான் இடம்பெறுகிறது. நைஜீரியர் விசாவின்றிச் செல்லக்கூடிய நாடுகள் என அங்கே தரப்படும் எண்ணிக்கை எதனை உணர்த்துகிறது, எதனை மறைக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘விசா’ என்பது இலத்தீன் மொழியில் ‘பார்வையிடப்பட்டது’ என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. தாளை அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளமே அது. தமிழில் நாம் ஆக்கிக்கொண்ட ‘நுழைவிசைவு’ என்னும் சொல் மூலத்தைவிட ஒரு படி மேலே சென்று, இசைவு தருபவர் ஒருவர் உண்டு என்பதை வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது. ஆயினும் ‘விசா விலக்கு’ என்று சொல்லும்போது விலக்கப்படுவது முன்கூட்டியே இசைவு பெறும் கடமை மட்டுமே. எல்லையில் நிற்கும் அதிகாரியின் இசைவு அப்போதும் தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே நைஜீரியரின் நிலையை ஆராய்தல் வேண்டும்.

நாம் பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், கானோ நகரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நம்முடன் பயின்றார். ஹௌசா மொழியின் எழுத்துமுறை அவருடைய ஆய்வுப்பொருள். ஐரோப்பிய நாடொன்றில் நடைபெற்ற மாநாட்டுக்கு இருவர் கட்டுரைகளும் ஏற்கப்பட்டிருந்தன. மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்த நாம் பயணச்சீட்டு வாங்கியதோடு வேலை முடிந்தது. அவரோ அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், பல்கலைக்கழகச் சான்று, தங்குமிட உறுதி ஆகியவற்றைத் திரட்டி, நேர்காணலுக்கு நாள் வாங்கிக் காத்திருந்தார். கடப்பிதழ் அவர் கைக்குத் திரும்பி வந்தபோது மாநாடு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அவருடைய கட்டுரையை அவருக்காக மேடையில் வாசித்தவர் நாமே. வினாக்களுக்கு விடை கூற இயலாமல் நின்ற அந்தப் பத்து நிமிடங்களை இன்றும் மறக்க இயலவில்லை.

இந்நிலை என்றும் இருந்ததன்று. பொதுநலவாய நாட்டினர் குறுகிய காலப் பயணமாக பிரிட்டனுக்குச் செல்ல முன்னர் விசா தேவைப்படவில்லை. அவ்வழக்கம் முதன்முதலில் முறிந்தது 1985இல். முறிந்தது இலங்கையரை முன்னிட்டு. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் தஞ்சம் நாடி வந்த தமிழரின் எண்ணிக்கை பெருகியதே அதற்குக் காரணம் என்பது தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். அடுத்த ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கானா, நைஜீரியா ஆகிய ஐந்து நாட்டினருக்கும் விசா கட்டாயமாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 1987இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுன் தண்டம் விதித்தது. அதன்பின், பயணச்சீட்டைச் சரிபார்க்கும் விமான நிறுவன ஊழியரே எல்லைக் காவலரும் ஆனார். யாழ்ப்பாணத்தாருக்காக மூடப்பட்ட கதவு லாகோஸ்வாசிக்கும் மூடப்பட்டது எனலாம்.

மேலைநாடுகளின் கதவுகள் இவ்வாறு ஒவ்வொன்றாக அடைபட்டுவந்த அதே காலப்பகுதியில், மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறான முயற்சியொன்று நடைபெற்றது. 1975ஆம் ஆண்டு மே மாதம் லாகோஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் தோன்றியது. அதன் சுருக்கப் பெயரான ‘எக்கோவாஸ்’ என்பதே பரவலாக வழங்குகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகள், பிரெஞ்சு பேசும் நாடுகள், போர்த்துக்கீசியம் பேசும் நாடுகள் என மூன்று குடியேற்ற ஆட்சிகளின் வாரிசுகள் ஓரமைப்பில் ஒன்றுகூடியது எளிய செயலன்று.

1979ஆம் ஆண்டு மே 29 அன்று டாக்கரில் இவ்வமைப்பு ஏற்றுக்கொண்ட உடன்பாடே நைஜீரியரின் விசாவற்ற பயணத்துக்கு அடித்தளம். அதன்படி உறுப்பு நாட்டுக் குடிமகன் ஒருவர் செல்லத்தக்க பயண ஆவணமும் தடுப்பூசிச் சான்றும் வைத்திருந்தால், மற்றோர் உறுப்பு நாட்டுக்குள் விசாவின்றி நுழைந்து 90 நாள்கள் வரை தங்கலாம். நுழையும் உரிமை, வசிக்கும் உரிமை, தொழில் நிறுவும் உரிமை என மூன்று கட்டங்களாக, கட்டத்திற்கு ஐந்தாண்டு வீதம், பதினைந்து ஆண்டுகளில் முழுமை பெறுவதாகத் திட்டம். வசிப்புரிமைக்கான துணை உடன்பாடு 1986இலும் தொழில் நிறுவுவதற்கானது 1990இலும் கையெழுத்தாயின. முதற்கட்டம் நடைமுறைக்கு வந்த அளவுக்குப் பின்னிரண்டும் வரவில்லை. நம் வட்டாரத்தோடு ஒப்பிட்டால் இம்முயற்சியின் துணிவு புலப்படும். ஆசியான் நாடுகள் தமக்குள் விசா விலக்குக்கான பொது உடன்பாட்டைக் கோலாலம்பூரில் ஏற்றது 2006இல்தான். அது வழங்குவதோ 14 நாள்கள்.

அட்டவணையில் காணும் எண்ணிக்கையின் உண்மையான உள்ளீடு இதுவே. நைஜீரியர் விசாவின்றிச் செல்லும் நாடுகளுள் கரிபியத் தீவுகள் சிலவும் உண்டு. அவற்றை அடைய வேண்டுமெனின் பெரும்பாலும் பிற நாட்டு விமான நிலையங்கள் வழியே செல்ல வேண்டும். அதற்கு இடைவழி விசா கேட்கும் நாடுகளும் உண்டு. கதவு திறந்திருக்கிறது, ஆனால் கதவுக்குச் செல்லும் வழி அடைபட்டிருக்கிறது. அட்டவணை இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறது. பேருந்தேறிச் செல்லக்கூடிய விசாவற்ற உலகம் ஒரு நைஜீரியருக்கு மேற்கு ஆப்பிரிக்காவே.

அந்தப் பேருந்து வழியைச் சற்று நோக்குவோம். லாகோஸிலிருந்து கொத்தோனு, லோமே, அக்ரா வழியாக அபிஜான் வரை செல்லும் கடற்கரைச் சாலை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுடையது. அது ஐந்து நாடுகளை இணைக்கிறது. நான்கு எல்லைகளைக் கடக்கிறது. துணி, மீன், மருந்து, அழகுசாதனம் எனச் சிறுசரக்கு ஏற்றிச் செல்லும் பெண் வணிகர்கள் இச்சாலையின் உயிர்நாடி. இவர்களுள் பலரிடம் கடப்பிதழே கிடையாது. இவர்களைப் போன்றோருக்காகவே எளிய பயணச் சான்றிதழ் ஒன்றை எக்கோவாஸ் 1985இல் ஏற்படுத்தியது. உடன்பாட்டின்படி விசாவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் செமே எல்லையிலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சோதனைச் சாவடிகளிலும் கையூட்டு கேட்கப்படுவதை ஆய்வாளர்கள் பலகாலமாகப் பதிவுசெய்து வந்துள்ளனர். ஆவணம் சரியாக உள்ளவரும் தருகிறார். இல்லாதவர் கூடுதலாகத் தருகிறார். முன்கூட்டிப் பெறும் இசைவை உடன்பாடு நீக்கியது. இடத்திலேயே விலைபேசும் இசைவு அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

உடன்பாட்டின் எழுத்திலேயே ஓர் இடைவெளியும் இருந்தது. தன் சட்டப்படி ‘ஏற்கத்தகாதவர்’ எனக் கருதுவோரைத் தடுக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் வைத்துக்கொண்டது. 90 நாள்களுக்குப் பின் தங்குவோர் நிலை என்ன என்பதும் வசிப்புரிமைக் கட்டம் வரும்வரை தொங்கலில் நின்றது. இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் நைஜீரியர் அல்லர். நைஜீரியாவில் வாழ்ந்த அயலாரே. 1970களின் எண்ணெய் வளத்தால் ஈர்க்கப்பட்டுக் கானாவிலிருந்து ஆசிரியர்களும் தச்சர்களும் கூலித் தொழிலாளரும் பெருந்திரளாக வந்திருந்தனர். எண்ணெய் விலை சரிந்தது. 1983 ஜனவரியில், ஷேகு ஷகாரியின் அரசு உரிய ஆவணமற்ற அயலார் இரண்டு வாரங்களில் வெளியேற வேண்டுமென அறிவித்தது. வெளியேறியோர் ஏறத்தாழ 20 லட்சம் என்றும் அவர்களுள் பாதிப்பேர் கானாவினர் என்றும் மதிப்பிடப்படுகிறது. அப்போது கானாவின் எல்லையும் மூடியிருந்தமையால் பல்லாயிரவர் இடைவழி நாடுகளில் தவித்தனர். 1985இல் மீண்டும் ஒருமுறை வெளியேற்றம் நிகழ்ந்தது. அவர்கள் உடைமைகளை அடைத்துச் சென்ற கட்டம்போட்ட பெரிய பைக்கு ‘கானாக்காரரே, போய்விடுங்கள்’ என்னும் பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது. அதே பை நம் நாட்டுச் சந்தைகளிலும் தொங்குகிறது. அதற்கு இப்படியொரு வரலாறு உண்டென்று வாங்குவோர் அறியார்.

நியாயம் கருதி மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். 1969 நவம்பரில் கானாவின் பிரதமர் புசியாவின் அரசு இதே போல் இரண்டு வாரக் கெடு விதித்து அயலாரை வெளியேற்றியது. அப்போது மூட்டை கட்டியவர்களுள் பெரும்பகுதியினர் நைஜீரியர். தலைமுறைகளாகக் கானாவில் கடை வைத்திருந்த யொருபா மக்கள் அவர்களுள் பலர். ஆகவே டாக்கர் உடன்பாடு வெற்றிடத்தில் எழுதப்படவில்லை. ஒரு வெளியேற்றத்திற்குப் பின் எழுதப்பட்டது. மற்றொரு வெளியேற்றத்தைத் தடுக்க இயலாது போனது. பொருளியல் நலிவு வரும்போது முதலில் சுருங்குவது அயலாரின் தங்கும் உரிமை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்குமான தடையற்ற நடமாட்ட உடன்பாட்டை ஆப்பிரிக்க ஒன்றியம் 2018இல் ஏற்றது. நடைமுறைக்கு வர 15 நாடுகளின் உறுதிப்பாடு வேண்டும். கையெழுத்திட்ட நாடுகள் பல, உறுதிப்படுத்திய நாடுகள் மிகச் சில. ருவாண்டா போன்ற ஓரிரு நாடுகள் தாமாகவே எல்லா ஆப்பிரிக்கருக்கும் விசாவை நீக்கின. ஆயினும் ஆப்பிரிக்காவின் முதற்பெருஞ்செல்வரான அலிகோ டாங்கோட்டே, 2024இல் கிகாலியில் நடந்த கூட்டமொன்றில், தம் நைஜீரியக் கடப்பிதழோடு சொந்தக் கண்டத்தில் பயணம் செய்யத் தமக்கு 35 விசாக்கள் தேவைப்படுவதாகக் குறைபட்டுக்கொண்டார். அந்த மேடையில் உடனிருந்த பிரெஞ்சு நிறுவனத் தலைவர், தமக்கு இவ்வளவு தொல்லை இல்லாதிருப்பதை மறுத்தாரில்லை.

இன்று டாக்கர் உடன்பாடே ஒரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. நைஜரில் 2023 ஜூலையில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியதும் எக்கோவாஸ் தடைகளை விதித்தது. நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் இடையிலான எல்லை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் தடைகள் பெரிதும் நீக்கப்பட்டு, மார்ச்சில் எல்லை திறக்கப்பட்டது. எனினும் மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29 அன்று அமைப்பிலிருந்து முறையாக வெளியேறின. உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. விசாவற்ற பயணம் தொடரும் என்று இருதரப்பினரும் அறிவித்திருப்பது ஆறுதலே. ஆயின் நைஜீரியர் ஒருவர் நைஜருக்குள் விசாவின்றி நுழைவது அதுவரை உடன்படிக்கை வழங்கிய உரிமை. அதன்பின் அது அறிவிப்பு வழங்கும் சலுகை. கடப்பிதழ் அட்டவணையில் இம்மாற்றத்தால் ஓரெண்ணும் குறைவதில்லை.

நம் கானோ நண்பர் இப்போது நைஜீரியாவில் பேராசிரியராக இருக்கிறார். நைஜீரியாவிலும் நைஜரிலும் பேசப்படும் ஹௌசா ஒரே மொழியெனினும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வகுத்த எல்லையால் இருவேறு எழுத்து மரபுகள் உருவாயின. ஓர் ஒலியை நைஜீரியாவில் மேற்குறியிட்ட எழுத்தாலும் நைஜரில் கொக்கியிட்ட எழுத்தாலும் குறிக்கின்றனர். அவற்றை ஒப்பிடுவதற்காகக் கட்சினா, ஜிபியா வழியாக மராடி நகருக்கு ஆண்டுதோறும் சென்றுவந்தார். அவர் விசா கேட்டு நின்றிராத ஒரே அயல்நாட்டுப் பயணம் அதுதான். எல்லை மூடியிருந்த மாதங்களில் மராடி ஆசிரியர்கள் திரட்டிய கையெழுத்துத் தாள்கள் அங்கேயே கிடந்தன. திறந்தபின் சென்று எடுத்துவந்ததாகவும், அதிகாரி கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘எத்தனை நாள்?’ என்று ஹௌசாவில் கேட்டதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தார். தொண்ணூறு என்று அவர் விடையளித்தாராம்.