அங்கன்வாடிக்கு வந்த கைப்பேசி யாருக்கு?

சங்கரன்கோவில் அருகே உள்ள பாஞ்சாகுளத்தை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2022 செப்டம்பரில் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, பட்டியலினச் சிறுவர்களுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு பெட்டிக்கடைக்காரர். அந்தக் காட்சி கைப்பேசிகளில் பரவியது. கடைக்கு சீல் வைத்தார்கள்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் வர நீதிமன்றம் தடை விதித்தது. காலனிக் குழந்தைகளை வெளியுலகம் பார்த்தது கைப்பேசியில்தான். அவர்களின் தம்பி, தங்கைகளுக்குக் கற்றுக்கொடுக்க அதே கைப்பேசி எவ்வளவு பயன்படுகிறது?

அங்கன்வாடிப் பணியாளர் கையில் கைப்பேசி இருக்கிறது. 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், சத்துமாவு விநியோகம் எல்லாம் ஏற்ற வேண்டும். அண்மையில் முகப்பதிவும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளோடு பாடி ஆட வேண்டிய நேரம், சிக்னல் தேடுவதில் போகிறது. குழந்தையைக் கணக்கெடுக்கத் தொழில்நுட்பம் வந்துவிட்டது; கற்பிக்க வரவில்லை.

கற்பிக்கும் திட்டங்களோ ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வி 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. எண்ணும் எழுத்தும் 1 முதல் 5 வரை. 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் தொடக்கப் பள்ளிகளுக்கே. 2019-இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மட்டும். மாநிலத்தில் உள்ள மையங்களோ 54 ஆயிரத்துக்கும் மேல்.

ஐந்து வயதுக்கு முன் கிடைப்பதை வீடுதான் தர வேண்டும் என்றால், எந்த வீடு? வேன் கட்டணம் கட்டி நகரத்து நர்சரிக்கு அனுப்பும் வீடும், தறிக்கும் களையெடுப்புக்கும் போகும் காலனி வீடும் ஒன்றல்ல. அங்கே இருக்கும் ஒரே கைப்பேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

குழந்தை கையில் கைப்பேசி கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோர் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்பது, மையத்தில் பொதுவாக ஒரு திரை, கதையும் பாட்டும் கேட்க ஒரு ஒலிபெருக்கி, தடையில்லா மின்சாரம், பதிவு வேலைக்கு இன்னொரு ஆள்.

பணமில்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு 2024-இல் சட்டமே வந்துவிட்டது. சங்கரன்கோவில் தனித்தொகுதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியும் உண்டு. முதலில், தென்காசி மாவட்டக் காலனி அங்கன்வாடிகளில் எத்தனைக்குச் சொந்தக் கட்டடமும் மின் இணைப்பும் இருக்கின்றன என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும்.